அது தேங்காய்ப் பால் இல்லை

சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவளுக்கு இரண்டு முதலாளிகள்: ஒருவர் கல்லாவில் இருப்பார், மற்றவர் பசியோடு மேசையில் இருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவில் நின்று முழித்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். புடவைக் கடையோ, பேக்கரியோ, மருந்துக் கடையோ, எங்கே கால் கடுக்க நின்றவராக இருந்தாலும் நீங்கள் என் ஆட்கள். மற்றவர்கள் இதை வாசித்துவிட்டு, "இவ பேசாமல் வேறு வேலை பார்த்திருக்கலாமே" என்பார்கள். அவர்களை நாற்பத்தேழு வயதில் கொழும்பில் வேலை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் ஸ்டெல்லா. வீடு கொட்டாஞ்சேனை. நான் நின்ற புடவைக் கடையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஏறி இறங்காத படி இல்லை. கடைசியில் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், புதிதாகத் திறக்கவிருந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைத்தது. பரிமாற நான் ஒருத்திதான். வீட்டில் சம்பளம் என்று வருவதும் என்னுடையது ஒன்றுதான். "ஈஸ்டர் வரைக்கும் பாப்பம் அக்கா, பிறகு நிரந்தரமாக்குவம்" என்று முதலாளி குகன் சொல்லியிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். ஆட்கள் முன்னால் நான் அவரை சேர் என்பேன், தனியே தம்பி என்பேன்.

முதல் வாய்

கடை திறப்பதற்கு முதல்நாள் சமையல்காரர் தனாகா எனக்கு ஒரு கிண்ணம் வைத்தார். குகன் ஜப்பானில் வேலை செய்த காலத்தில் பழகிய மனிதர், அவருக்காகவே இங்கே வந்தவர். ராமென் என்றால் என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது. பெரிய கிண்ணம், அடியில் நூடில்ஸ், மேலே பாதியாய் வெட்டிய முட்டை, வெங்காயத் தாள், இறைச்சித் துண்டுகள், எல்லாம் முங்கிக் கிடக்கிற மாதிரி நிறையச் சூப். அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. "நோ மீட், சேர். சேர்ச், ஃபாஸ்டிங்" என்று சிலுவை அடையாளம் போட்டுக் காட்டினேன். மனிதர் உடனே குனிந்து வணங்கி, இறைச்சித் துண்டுகளைக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கிண்ணத்தைத் திரும்ப என் முன்னால் தள்ளினார்.

சூப் வெள்ளை வெளேரென்று தேங்காய்ப் பால் சொதி மாதிரி இருந்தது. ஜப்பானிலும் தேங்காய் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு ஒரு கரண்டி வாயில் வைத்தேன். சுவையைச் சொன்னால் பாவம், அவ்வளவு அருமை. ஆனால் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. எங்கள் பகுதியில் நத்தார் என்கிற கிறிஸ்மஸ் காலத்தில் பன்றிக் கால் அவித்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஒட்டல் தெரியும். துப்பலாம் என்றால் மனிதர் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். விழுங்கிவிட்டேன். என் இக்கட்டு ஆண்டவருக்குத் தெரியும்.

"பிக்?" என்று சூப்பைக் காட்டிக் கேட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய் பெரிய சட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே எலும்பு எலும்பாகக் கொதிக்கிறது. எலும்பு கரையக் கரையத்தான் அந்த வெள்ளை வருமாம். நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "நோ மீட், மேடம். ஒன்லி சூப்."

தம்பி போட்ட சட்டம்

பலகையில் மூன்று சாப்பாடு எழுதியிருந்தது: கோழி ராமென், மரக்கறி ராமென், சாஷூ ராமென். சாஷூ என்றால் பன்றித் துண்டு. அதை மட்டும் குகன் ஜப்பான் பெயரிலேயே விட்டிருந்தார். மூன்றுக்கும் சூப் ஒன்றுதான் என்று தெரிந்ததும் நேரே கல்லாவுக்குப் போனேன். "தம்பி, மரக்கறிக்கும் பண்டிச் சூப்தான் போகுது. இது வெள்ளவத்தை. வெள்ளிக்கிழமையில வீபூதியோட வாற ஆக்களுக்கு என்ன சொல்றது?"

குகன் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயந்தவர். சூப்பை மாற்றினால் அது ராமென் இல்லையாம். பன்றி என்று பலகையில் எழுதினால் இந்த ஒழுங்கையில் பாதிப் பேர் படி ஏறமாட்டார்களாம். முதலில் ஆட்கள் வாயில் வைத்துப் பழகட்டுமாம். நான் அசையாமல் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் ஈஸ்டர் எப்போது வருகிறது என்று சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கேட்டால் சொல்லுங்கோ அக்கா. கேக்காட்டி நீங்க ஏன் வாய் திறக்கிறீங்கள்?"

கேட்காத சொதி

அன்றிரவு யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கேட்டால் சொல்லலாம் என்றால், எல்லாரையும் கேட்க வைத்துவிட வேண்டியதுதான். தண்ணீர் வைக்கும்போதே, "சூப்பைப் பத்தி ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்று ஆரம்பித்தேன். சுகமான வேலை என்று நினைத்தால் நீங்கள் எங்கள் சனத்தோடு பழகியதில்லை. விலையைக் கேட்பார்கள், ஏசி ஏன் குளிரவில்லை என்று கேட்பார்கள், சூப்பை மட்டும் கேட்கமாட்டார்கள். வெள்ளையாக இருந்தால் அது தேங்காய்ப் பால், அதில் கேட்க என்ன இருக்கிறது?

கடை திறந்த முதல் வாரம் ஹெவ்லொக் டவுனில் இருந்து ஒரு ஐயாவும் மனைவியும் வந்தார்கள். இரண்டு கோழி ராமென். "சூப்பில என்ன கேக்கிறது, கொண்டு வாங்கோ" என்றார். "வெள்ளையா இருக்கும் சேர்" என்றேன். "தேங்காய்ப் பால்தானே?" அப்பாடா, ஒரு கேள்வி! கல்லாப் பக்கம் திரும்பாமல் கடகடவென்று ஒப்புவித்தேன்: இல்லை சேர், எலும்பு, கோழி எலும்பு இல்லை, பன்றி எலும்பு. மனைவி கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து, வாசலோடு போய் நின்றுகொண்டார். ஐயா மட்டும், "நான் லண்டனில எல்லாம் சாப்பிட்டனான்" என்று வீரமாக உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் சூப்பை வழித்துக் குடித்துவிட்டு, நூடில்ஸ் பாதி கிடக்க, சொதிக்குக் கை காட்டுவது போல இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். தனாகாவுக்கு அந்தச் சூப் ஒரு முழுநாள் வேலை, ஒரு கரண்டி கூட மறுபடி ஊற்றமாட்டார். ஜப்பானில் மறுபடி போடுவது நூடில்ஸ்தானாம். அதைக் கொண்டுவந்து ஐயாவின் கிண்ணத்தில் போட்டு, வணங்கிவிட்டுப் போனார். ஐயா கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "இடியப்பம் கேக்காமலே வருது, சொதி கேட்டாலும் வராது. இதென்ன கடை பிள்ளை?"

வாசலிலேயே

முஸ்லிம் ஆட்களால் எனக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்லை. அவர்களுக்குக் கேட்கத் தெரியும், வாசலில் செருப்போடு நிற்கும்போதே கேட்டுவிடுவார்கள். ஒருநாள் இளம் தம்பதி, கையில் ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பெண்தான் கேட்டார். நான் ஒளிக்காமல் சொன்னேன். பின்னால் குகன் தொண்டையைச் செருமியது தெருவுக்கே கேட்டிருக்கும். அந்தப் பெண் என் தோளுக்கு மேலால் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் சரியாக்கிக்கொண்டு சொன்னார்: "சொன்னீங்கதானே அக்கா, அது போதும். சொல்லாத கடைக்குத்தான் எங்களுக்குப் பயம்."

பார்சல்

எனக்கு வியர்த்துக் கொட்டிய நாள் என்றால், முச்சக்கர வண்டி ஓட்டுகிற ஒரு சிங்கள அண்ணன், அவர்கள் பாஷையில் அய்யே, வந்த நாள். கோயிலுக்குப் பக்கத்து வீட்டு ஐயா ஒருவர் அனுப்பியிருக்கிறார். மரக்கறி ராமென், பார்சல், வீட்டில் எல்லாருக்கும். வந்தவரை எப்படிக் கேட்க வைப்பது? அவர் வெறும் தூதர். அவர் கேட்டு நான் சொன்னாலும் அது அந்த வீட்டுக்குப் போய்ச் சேராது. குகனோ கல்லாவில் இருந்து, "குடுங்கோ அக்கா, குடுங்கோ" என்கிறார். கட்டி அனுப்பிவிட்டால் அந்த வீட்டுச் சாமி அறைக்குப் பக்கத்து மேசையில் அது திறக்கப்படும்.

குசினிப் பக்கம் திரும்பி, "தனாகா சான், பார்சல்!" என்று வேண்டுமென்றே பெரிதாகக் கத்தினேன். நான் எதிர்பார்த்தபடியே மனிதர் கரண்டியோடு ஓடிவந்தார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்து, "நோ பார்சல்! நூடில் டெட்!" என்றார். சூப்பில் ஊறிய நூடில்ஸ் அவருக்குச் செத்த நூடில்ஸ். குகன் கெஞ்சிப் பார்த்தார், முறைத்தும் பார்த்தார், நடக்கவில்லை. அய்யேக்குக் கொஞ்சம் தமிழ் வரும். வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, உண்மையாகவே விளங்காமல் என்னிடம் கேட்டார்: "கட்டிக் குடுக்க ஏலாத சாப்பாட்டை என்னத்துக்கு அக்கே சமைக்கிறது?"

கரண்டியும் சட்டியும்

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் இருந்து நேரே ஒரு ஆசிரியை அன்ரி வந்தார். நெற்றி நிறைய வீபூதி, காதில் கோயில் பூ. மரக்கறி ராமென் கேட்டார். என் வழக்கமான பல்லவியைப் பாடினேன். அன்ரி கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். முட்டை போட்டிருக்கா? உள்ளிப் பூண்டு போட்டிருக்கா? நூடில்ஸில் முட்டை சேருமா? இந்தக் கடையில் கைகழுவ எங்கே? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். குகன் பக்கத்து மேசையைத் துடைக்கிற சாக்கில் வந்து நின்றுவிட்டார். அவர் துடைக்கிற மேசை ஏற்கெனவே சுத்தம். இதற்குள் தனாகாவே கிண்ணத்தை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அன்ரி கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது மச்ச மாமிசத்துக்குப் போட்ட கரண்டியோ?" "நல்லாக் கழுவினது அன்ரி" என்றேன். என் கண்ணையே உற்றுப் பார்த்தார். பிள்ளைகள் பொய் சொல்வதைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. "கரண்டி கழுவலாம். சூப்புச் சட்டி?" எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. "ஓம் அன்ரி, எல்லாத்துக்கும் அந்த ஒரு சட்டிதான். பண்டி எலும்பு." அன்ரி கரண்டியை மெதுவாக வைத்து, கைப்பையை எடுத்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். ஏசுவார் என்று குகனும் நானும் சேர்ந்து மூச்சைப் பிடித்தோம். அவர் ஏசவில்லை: "நான் வெளியில ஒண்டும் சொல்லமாட்டன் பிள்ளை. ஆனா கோயிலில ஆரும் கேட்டால் சொல்லுவன்."

அவர் படி இறங்கியதும் குகன் துணியை மேசையில் எறிந்தார். வெள்ளவத்தையில் கோயிலுக்குள் போன கதை மாலைப் பூசைக்குள் ஊரைச் சுற்றிவிடும் என்று அவருக்கும் தெரியும். கோபத்தில் அவருக்குக் குரல் உயராது, தாழும்: "அக்கா, நீங்க சூப் விக்கிறீங்களா, சந்தேகம் விக்கிறீங்களா?"

உப்பு

இந்தக் கூத்தில் ஒருவர் வேறு மாதிரி வெந்துகொண்டிருந்தார். தொடாமல் திரும்புகிற கிண்ணங்கள் தனாகாவிடம்தானே போகின்றன? அன்ரியின் கிண்ணம் போனபோது அவர் அதில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இன்னொரு கரண்டி. பிறகு என்னிடம் வந்து, ஒரு பெரிய குற்றம் செய்துவிட்டவர் போலக் கேட்டார், "மேடம், சால்ட் ப்ராப்ளம்?" எனக்கு மனசு கேட்கவில்லை. உப்பு இல்லை ஐயா, கடவுள் என்று சொல்லி, நெற்றியில் மூன்று விரலால் வீபூதிக் கோடு இழுத்துக் காட்டி, கையைக் குவித்துக் கும்பிட்டு, சட்டியைக் காட்டித் தலையை ஆட்டினேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் தலையில் கையை வைத்தார். அவருடைய நாட்டிலும் கோயில்களில் மச்சம் படாத சமையல் இருக்கிறதாம். கடற்பாசியும் காளானும் போட்டு ஒரு சூப் காய்ச்சலாமாம், வேறு சட்டியில், சுலபமாம். அலுமாரியைத் திறந்து காய்ந்த கடற்பாசியை எடுத்தே காட்டினார். நான் அவரைக் கையோடு கல்லாவுக்குக் கூட்டிப்போனேன். குகன் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு சூப் வச்சால், ரெண்டாவது என்னத்துக்கு எண்டு ஆக்கள் கேப்பினம். அப்ப முதலாவதைச் சொல்ல வேண்டி வரும்" என்றார். நான் அதைத் தனாகாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பது? அவர் கடற்பாசியைத் திரும்ப அலுமாரியில் வைத்துப் பூட்டும்போது, தனக்குத்தானே போலக் கேட்டார்: "வை நோபடி ஆஸ்க் மீ?"

கொட்டாஞ்சேனைப் படை

அந்த ஞாயிறு என் மச்சான் முறையான அன்ரன், துறைமுகத்தில் கூட வேலை செய்கிற நாலைந்து பேரோடு வந்திறங்கினான். தவக்காலத்தில் ஞாயிறு கணக்கில் இல்லை என்று அவர்களாகவே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள், பங்குத்தந்தைக்குத் தெரியாது. குச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள், கரண்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கிண்ணத்தையே வாயில் சாய்த்தார்கள். ஒருவன் உறிஞ்சிய சத்தத்துக்குத் தனாகா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார். ஜப்பானில் சத்தம் போட்டு உறிஞ்சுவது மரியாதையாம். அன்றுதான் முதல்முறையாக அந்த மனிதர் சிரித்ததைப் பார்த்தேன்.

அன்ரன் உதட்டை நக்கிக்கொண்டு சூப் என்ன என்று கேட்டான். அவனாகவே கேட்டான், நான் ஒன்றும் செய்யவில்லை. பன்றி எலும்பு என்றேன். அவன் கிண்ணத்தை வைத்துவிட்டு, பலகையை மேலிருந்து கீழே வரை வாசித்தான், கதிரையை குகன் பக்கம் திருப்பினான், கடை முழுக்கக் கேட்கக் கேட்டான்: "இவ்வளவு நல்ல சாமானை ஏன் பாஸ் களவெடுத்த சாமான் மாதிரி ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

கேள்வி கேட்காத ஒருவர்

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அன்று நான் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று நினைத்தது உண்மை. குகனின் மாமியார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தார். குகனின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, எத்தனையோ காலம் காத்திருந்து வந்த பிள்ளை, மாதம் நெருங்கிவிட்டது. பிள்ளை நல்லபடி கிடைக்க வேண்டும் என்று மாமி வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறார். காலையில் இருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு, மருமகனின் கடையில் விரதம் முடிக்க வந்திருக்கிறார். குகன் கூட்டிக்கொண்டு வந்து கண்ணாடிக்குப் பக்கத்து மேசையில் உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தார். "மாமிக்கு மரக்கறி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் நகராமல் நின்றேன். "சேர், சூப் இல்லாமல் ஏதாவது கொண்டுவரட்டா?" மாமி சிரித்தார். "சூப் இல்லாமலோ? இவர் ஜப்பானில இருந்து படிச்சுக்கொண்டு வந்த சூப்பைக் குடிக்கத்தானே பிள்ளை வந்தனான்." குகன் மாமியின் மகளைக் கல்யாணம் கட்டும்போதே, கடை வைத்தால் சைவத்துக்குத் தனிச் சட்டி வைப்பேன் என்று மாமிக்குச் சொல்லியிருந்தாராம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், அவர் கண் என்னைக் கெஞ்சுகிறது, ஆனால் எதற்குக் கெஞ்சுகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தேன். தனாகா குசினி வாசலில் வந்து நின்றுவிட்டார். மாமியின் நெற்றி வீபூதியைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். "அம்மா, சூப்பைப் பத்தி ஏதாவது கேக்கணுமா?" என்றேன். "எனக்கென்ன கேள்வி பிள்ளை. மருமகன்ர கடை." "வெள்ளையா இருக்கு, பாத்தீங்களா?" "ஓம், சொதி மாதிரி வடிவா இருக்கு." கண்ணை மூடி, மகளின் பெயரைச் சொல்லி, முணுமுணுவென்று கும்பிட்டார். வெளியே ரயில் போனது, மேசையில் இருந்த தண்ணீர் ஆடியது. மாமி கண்ணைத் திறந்து கரண்டியைக் கையில் எடுத்தார்.

இத்தனை நாளும் எத்தனையோ பேரைக் கேட்க வைத்தவள் நான். நம்பி வந்தவரை எப்படிக் கேட்க வைப்பது? கேட்காதவருக்குச் சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் அந்த விரதம் போகும். நான் மாமியை விட்டுவிட்டு குகன் பக்கம் திரும்பினேன். "சேர், கேட்டால் சொல்லலாம்னு நீங்கதானே சொன்னீங்க. மாமி கேக்கல்ல. நான் கேக்கிறன். இந்தச் சூப்பை மாமிக்குக் குடுக்கலாமா?"

கரண்டி சூப்புக்குள் இறங்கி, நிறைந்து, மேலே வந்தது. குகன் என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். அது வாய்க்குக் கிட்டப் போகும்போது இரண்டு கையாலும் பாய்ந்து மாமியின் கையைத் தள்ளி, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். கொதிக்கிற சூப் அவருடைய கையிலும் மடியிலும் கொட்டியது. "வேண்டாம் மாமி. அது பண்டி" என்றார். தனாகா ஈரத் துணியோடு ஓடிவந்து அவர் கையைச் சுற்றினார். மாமி கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, பலகையில் இருந்த மரக்கறி ராமென் என்ற எழுத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார், அந்தக் கடையில் அதுவரை யாரும் கேட்காத ஒரே கேள்வியை: "எனக்கு எண்டபடியால் கையைச் சுட்டு இழுத்தீங்கள் தம்பி. இவ்வளவு நாளும் மற்ற ஆக்களுக்கு ஆர் இழுத்தது?"

குகன் திரும்பி என்னைப் பார்த்தார்.

பலகை

அன்றே பலகை அழிக்கப்பட்டது. வலது கையில் கட்டு, அதனால் இடது கையால் எழுதினார், தமிழில், சிங்களத்தில், இங்கிலீஷில்: சூப் பன்றி எலும்பில் காய்ச்சியது. எழுத்து கோணல், ஆனால் ஒழுங்கை முனையில் இருந்தே வாசிக்கலாம். அவர் பயந்தது சரிதான், சிலர் வாசித்துவிட்டு வாசலோடு திரும்பினார்கள், இன்றைக்கும் திரும்புகிறார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். மாமி புதுச் சட்டி ஒன்று வாங்கி, கோயிலில் வைத்துக் கும்பிட்டு எடுத்துக்கொண்டுவந்து தனாகாவின் கையில் கொடுத்தார். கடற்பாசிச் சூப் அதில்தான் கொதிக்கிறது. தனாகா அதன் பக்கத்தில் என்னைக்கூட அண்ட விடுவதில்லை. மாமி முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு உப்புக் காணாது, இன்னும் கொஞ்சம் போடலாம் என்றார். மனிதருக்கு அன்று வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

ஈஸ்டர் வந்து போனது. குகன் என் வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. தாங்கமுடியாமல் ஒருநாள் கல்லாவில் போய் நின்று, "தம்பி, நான் நிக்கிறதா போறதா?" என்று கேட்டேன். கட்டு அவிழ்த்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்களை அனுப்பிப்போட்டு நான் மாமிக்கு என்ன பதில் சொல்லுறது அக்கா?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து கிடந்தேன், வேலை போகவில்லை, இப்போது மேசைக்கு மேசை எல்லாரும் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் போகிறது.